தூசிக்குக் கொடுத்த வெல்லம்

ஒக்கூர்
9-2-2025

மேஸ்திரி கருத்தையா அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். பதினோரு வருடமாக நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. நம் சண்டையைத் தீர்க்க இதை எழுதவில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

போன் செய்திருக்கலாம். சிங்கம்புணரிச் சந்தையில் உங்களைப் பார்த்த எங்கள் ஊர் முத்துக்கண்ணன் நம்பர் வாங்கிக் கொடுத்தான். ஆனால் அவனே, "மேஸ்திரிக்கு இப்பக் காதுகிட்டப் போயிக் கத்துனாத்தேன் கேக்குது. போன்ல பேசுனா ஆங், ஆங்னுட்டு வச்சிருவாக" என்றான். அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவருக்குக் காது மிஞ்சினால்தான் அதிசயம். இந்த விஷயத்தை இன்னொருவர் காதில் போட்டு உங்களிடம் சொல்லச் சொல்லவும் முடியாது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய். போன அக்டோபரில் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அறுத்துக் குடலில் கொஞ்சத்தை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இடது பக்கம் ஓட்டை போட்டு ஒரு பை மாட்டியிருக்கிறது. வெளிக்குப் போவதெல்லாம் அதில்தான். முதல் மாதம் குனிந்து பார்க்கவே கூசியது. இப்போது வீட்டுக்காரி யூஜினியா தக்காளி நறுக்கிக்கொண்டே பக்கத்தில் இருக்க, நானே மாற்றிக்கொள்கிறேன். கீமோ ஏற்ற மாதம் இரண்டு தடவை மதுரைக்குப் போக வேண்டும். மகள் கிறிஸ்டி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறாள். சிவகங்கையில் டீச்சராக இருக்கிறாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயது, என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். மூட்டை பிரிக்கிற செக்‌ஷனில் பஞ்சு பிரித்தேன் என்றேன். பஞ்சாலையா என்றார். இல்லையம்மா, ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்குச் சிமெண்டோடு கலக்கிற கல்நார், அதைத்தான் நாங்கள் பஞ்சு என்று சொல்வோம் என்றேன். எத்தனை வருஷம் என்றார். இருபத்திரண்டு என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதனாலதான் உங்களுக்கு வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. நுரையீரலுக்குக் கெடுதல்ங்கிறதுல சந்தேகமே இல்ல. குடலுக்கு அந்த அளவு உறுதியாத் தெரியல. ஆனா அந்தத் தூசியில ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்களுக்கு ஆபத்து கூடுதல்னு பல ஆராய்ச்சியில வந்திருக்கு. கூட வேலை பாத்தவங்க இருந்தா ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது விரல் விட்டு எண்ணினேன். நம் ஷிப்டில் மூட்டைப் பக்கம் ஐந்து பேர். சோணைமுத்து இருமி இருமியே போனான். காசி போய் நாலு வருடம், என்ன நோய் என்று யாரும் பார்க்கவே இல்லை. சகாய ஆண்டனி பைக்கிலிருந்து விழுந்து போனார், அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மிச்சம் நானும் நீங்களும்.

குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற டெஸ்ட். சிவகங்கையிலேயே செய்கிறார்கள். போய்ச் செய்துகொள்ளுங்கள். இவ்வளவுதான்.

வளன்


சேவுகப்பெருமாள் துணை
சிங்கம்புணரி
21-2-2025

வளனுக்குக் கருத்தையா எழுதுவது.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உனக்கு இப்படி ஆனது கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் அழகுவிடம் சொன்னேன். அவளும் இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள். கம்பெனி நாளில் செக்காலையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது யூஜினியா கொடுத்தனுப்புகிற கேக்கைப் பற்றிப் பேசினாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கம்பெனி வாசலையே மிதிக்காதவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வருகிறதே, அவர்கள் எந்த மூட்டையைப் பிரித்தார்கள்? எங்கள் தெருவில் ஒரு வாத்தியார். வாழ்க்கையில் சுண்ணாம்புத் தூசியைத் தவிர வேறு தூசி பார்க்காதவர். அவருக்கும்தான் வந்தது. டாக்டரம்மாவே உறுதியில்லை என்கிறார். நீ எதற்கு உறுதியாக எழுதுகிறாய்?

உன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கேஸ் போடப் போகிறாய். என்னிடம் எழுதி வாங்க வேண்டும். அதற்குத்தான் இந்த அக்கறை. தூசி பற்றி விசாரிக்க வந்த அதிகாரியிடம், எல்லோருக்கும் தினமும் மாஸ்க் கொடுத்தோம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். போட்டேன்தான். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே அத்தனை பேர் பார்க்க நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "சோணைமுத்து பொணத்து மேல கையெழுத்துப் போட்டுட்டு வாரீக" என்றாய். பெற்ற பிள்ளை பேசியிருந்தால்கூட நான் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

எனக்கு அறுபத்திரண்டு முடிந்துவிட்டது. சர்க்கரையும் காதும் தவிர ஒரு குறையும் இல்லை. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கருத்தையா


ஒக்கூர்
16-3-2025

மேஸ்திரிக்கு,

கேஸ் இல்லை. மூடிப்போன கம்பெனி மேல் யார் கேஸ் போடுவது? இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டுகிறார்களாம். எனக்குப் படியேறி ஒரு ஆபீசுக்குப் போகவே தெம்பில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிய நாலு நாள் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலெல்லாம் சுருக்கென்று குத்துகிறது. வாயில் எதை வைத்தாலும் ஒரே ருசி. உங்களுக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தில் இல்லை, விரல் மரத்துப் போனதில்.

கேட்டு வாசலில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சோணைமுத்துவைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதிகாரி வருகிற அன்று மட்டும் மாஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள். அவர் ஜீப் கிளம்பியதும் எண்ணித் திரும்ப வாங்கிப் பெட்டியில் போடுவீர்கள். அதைத் தினமும் என்று எழுதினீர்கள். இதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் டெஸ்ட் விஷயம் அதில் சேராது. தயவுசெய்து இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

டாக்டரம்மாவிடம் இன்னொரு நாள் கேட்டேன். மூச்சில் போகிற தூசி குடலுக்கு எப்படி வரும் என்று. மூச்சுக்குழாயில் ஒட்டுகிற தூசியைச் சளி சுற்றிக்கொண்டு மேலே தள்ளுமாம். தொண்டைக்கு வந்ததும் நம்மை அறியாமல் விழுங்கிவிடுவோமாம். வயிறு, சிறுகுடல், பெருங்குடல் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று போகும் போல. கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஷிப்ட் முடிந்து வரிசையில் நிற்போம். ஸ்டோர் ஜன்னலில் நீங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்து ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம் கொடுப்பீர்கள். "வெல்லத்தைத் தின்னுங்கடா, தூசி தொண்டையில நிக்காது, வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும்." இருபத்திரண்டு வருடம் தினமும் சொன்னீர்கள். நாங்களும் நம்பினோம். உள்ளேதான் போனது.

எனக்கு எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு வருடம் வெளிக்குப் போகும்போது ரத்தம். மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யூஜினியாவிடம்கூடச் சொல்லவில்லை. உடம்பு மெலிந்து, மாடிப்படி ஏறும்போது கண் இருட்டி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் பை இல்லாமலேயே முடித்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஒரு வருடத்தை நான் வெட்கப்பட்டே தொலைத்தேன்.

வளன்


சிங்கம்புணரி
2-4-2025

வளனுக்கு,

வெல்லத்தை என் தலையில் கட்டாதே. அது கம்பெனி உத்தரவு. எனக்கு முந்தி இருந்த மேஸ்திரியும் கொடுத்தார். சிமெண்டு ஆலையில் கொடுக்கிறார்கள், மாவு மில்லில் கொடுக்கிறார்கள். நான் கண்டுபிடித்த வைத்தியம் மாதிரி எழுதுகிறாய்.

சரி, உன் வாதப்படியே வருகிறேன். வெல்லம்தான் தூசியை உள்ளே இறக்கியது என்றால் எனக்குப் பயமே இல்லை. நான் அந்த வெல்லத்தில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. இருபத்தைந்து வயதிலேயே சர்க்கரை வந்தவன். டின்னைத் திறந்து கொடுப்பதோடு சரி. என் பங்கைக்கூட உனக்குத்தான் சேர்த்துக் கொடுப்பேன். நீ ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றைச் சட்டைப் பையில் போடுவாய். ஆக, தின்னாதவனுக்கு எதற்கு டெஸ்ட்?

கையெழுத்து விஷயம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். "கருத்தையா, மாஸ்க் குடுக்கலன்னு எழுதுனா நாளைக்கே சீல் வச்சிருவாங்க. இருநூத்திப் பத்துப் பேரு தெருவுல நிப்பாங்க. நீ முடிவு பண்ணிக்க" என்றார். இருநூற்றுப் பத்துப் பேரில் நீயும் ஒருத்தன். கிறிஸ்டி அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நினைத்துத்தான் போட்டேன். எட்டே மாதத்தில் கம்பெனியை அவர்களே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு உன்னிடம் வந்து என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு சிங்கம்புணரிக்கு வந்துவிட்டேன்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சூடு இருக்கிறது, அவ்வளவுதான். காலையில் துத்தி இலையை வதக்கித் தின்கிறேன். அழகு வாரம் இரண்டு நாள் கருணைக்கிழங்கு மசியல் செய்கிறாள். இந்தக் கோடை வெயில் போனால் தானாகச் சரியாகிவிடும்.

வெயிலில் அலையாதே.

கருத்தையா


ஒக்கூர்
9-4-2025

மேஸ்திரி,

துத்தி இலையும் கருணைக்கிழங்கும் மூலத்துக்குத் தின்பது என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் ஒக்கூர்க் கண்மாய்க்கரையில் ஒரு துத்திச் செடி விடாமல் பறித்துத் தின்றவன் நான். எத்தனை மாதமாக ரத்தம் போகிறது? அழகு அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. சூடு என்று சொல்லியிருப்பீர்கள்.

வெல்லம் தின்னவில்லை என்று தப்பிக்கப் பார்க்கிறீர்களே, அதைப் படித்துச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது. குற்றம் வெல்லத்துடையது இல்லை, மேஸ்திரி. வெல்லம் பாவம், அது வெறும் வெல்லம். தூசியைத்தான் விழுங்கினோம். வெல்லம் இருந்தாலும் விழுங்கியிருப்போம், இல்லாவிட்டாலும் விழுங்கியிருப்போம். மில் பக்கத்தில் நின்று கத்திக் கத்தி வேலை வாங்கினவர் நீங்கள். எங்களைவிட உங்கள் வாய்தான் அதிகம் திறந்திருந்தது.

இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொல்லவில்லை. பங்குச் சாமியார் வாராவாரம் வீட்டுக்கே நன்மை அப்பம் கொண்டுவந்து கொடுக்கிறார். அவரிடம் சொல்ல வாயெடுத்து, ரேஷன் கார்டைப் பற்றி ஏதோ பேசிவிட்டேன்.

நீங்கள் கொடுத்த இரண்டாவது அச்சு வெல்லம் கிறிஸ்டிக்கு. அவளுக்கு நாலு வயதிலிருந்து பத்துப் பதினொரு வயது வரைக்கும். செக்காலை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பாள். நான் சைக்கிளை விட்டு இறங்குவேன். அவள் என் சட்டைப் பையில் கையை விட்டு எடுப்பாள். நானேதான், "கைய விட்டுப் பாரு, இன்னைக்கு இருக்கா இல்லையான்னு" என்று விளையாட்டுக் காட்டுவேன். எந்தச் சட்டை தெரியுமா? காலையிலிருந்து மூட்டை பிரித்த சட்டை. தட்டினால் மாவு பறக்கும். அந்தப் பையின் மூலையில் பஞ்சு சுருண்டு கிடக்கும். வெல்லத்தில் ஒட்டியிருப்பதை நானே ஊதிவிட்டு அவள் வாயில் வைத்திருக்கிறேன்.

இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒவ்வொரு தடவையும் என்னோடு மதுரைக்கு வருகிறாள். டாக்டரம்மா பேசுவதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கேட்பேன்? யூஜினியாவிடம் சொன்னால் அவள் தூக்கமும் போகும். கீமோ ஏறும்போது நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். அந்த நாலு மணி நேரமும் எனக்கு அந்தப் பைதான் கண்ணுக்குள் நிற்கிறது. நோயைக்கூட நான் இவ்வளவு நினைப்பதில்லை.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போங்கள். உங்களுக்கு டெஸ்ட் செய்கிற டாக்டரிடம் இதைக் கேளுங்கள். யார் பிள்ளை என்று சொல்ல வேண்டாம். அப்படித் தின்ற பிள்ளைக்கு என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். உங்களைப் போக வைக்கத்தான் இப்படி எழுதுகிறேன் என்று நினைத்தால், அதுவும் உண்மைதான். ஆனால் வெல்லக் கதை பொய் இல்லை.

வளன்


சிங்கம்புணரி
28-4-2025

வளனுக்கு,

கடிதத்தை அழகு படித்துவிட்டாள். நான் எடுத்து வைப்பதற்குள் படித்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்குத்தான் காது கேட்காதே, பேசாததுகூட முதல் நாள் தெரியவில்லை.

பத்து மாதமாக ரத்தம் போகிறது. இதை எழுதவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

வைகாசித் திருவிழா முடியட்டும். போகிறேன். பிள்ளை விஷயத்தைக் கேட்பதற்காகத்தான் போகிறேன்.

கருத்தையா


ஒக்கூர்
20-6-2025

மேஸ்திரி,

திருவிழா முடிந்து தேரை நிறுத்திக் கூரையும் போட்டிருப்பார்கள். இன்னும் போன மாதிரி தெரியவில்லை.

எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் மூன்று இடத்தில் இருக்கிறதாம். வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். கிறிஸ்டி தலையாட்டி எழுதிக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். களைப்பாக இருக்கிறது. பயம்கூடக் கொஞ்சம் தெம்பு இருந்தால்தான் வரும் போலிருக்கிறது.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஒரு பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். உப்பும் புளிப்புமாகக் குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுங்கள். கக்கூஸ் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சர்க்கரை மாத்திரையை அன்றைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் செய்யும்போது தூக்க ஊசி போட்டுவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. வெட்கப்பட உங்களுக்கு நேரமே இருக்காது.

சீக்கிரம் போங்கள். எனக்குப் பதில் வேண்டும்.

வளன்


சேவுகப்பெருமாள் துணை
சிங்கம்புணரி
24-7-2025

வளனுக்கு,

போய்விட்டு வந்தேன். அழகு கூட வந்தாள். முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே கோர்வை தப்பிவிடும்.

அந்தத் தண்ணீரைப் பற்றி நீ பாதிதான் எழுதியிருந்தாய். போகட்டும்.

டாக்டர் ஒரு ஆண். என்னிடம் ஏதோ கேட்டார். நான் ஆங் என்றேன். திரும்பக் கேட்டார். அழகு என் காதில் கத்த ஆரம்பித்தாள். வெளியே பெஞ்சில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளிக்குப் போவதைப் பற்றி அவள் கத்தினால் எப்படி இருக்கும், நீயே யோசித்துக்கொள். டாக்டர் நல்ல மனிதர். சிரிக்காமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதில் எழுதிக் கேட்டார். நானும் எழுதியே பதில் சொன்னேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி தாளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டோம்.

என்ன வேலை என்று எழுதினார். எழுதினேன். எத்தனை வருடம் என்று எழுதினார். இருபத்தாறு என்று எழுதினேன். அடுத்த வரியில், "மாஸ்க் கொடுத்தார்களா?" என்று எழுதித் தாளை என் பக்கம் தள்ளினார்.

வளன், நான் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுத்துத் தெரியாதோ என்று நினைத்து டாக்டர் அழகுவைப் பார்த்தார். வாயால் கேட்டிருந்தால் ஏதாவது மழுப்பியிருப்பேன். காது கேட்காதவனுக்கு அது சுலபம். தாளில் கேட்டால் தாளில்தான் சொல்ல வேண்டும். கடைசியில், "இல்லை. அதிகாரி வரும் நாளில் மட்டும். நான்தான் கொடுத்து நான்தான் திரும்ப வாங்கினேன்" என்று எழுதினேன். அவர் படித்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 

குழாய் விட்டுப் பார்த்ததில் ஒரு கட்டி இருந்தது. கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் போனோம். அதுதான். ஆனால் வேறு எங்கும் பரவவில்லை, ஆரம்பத்தில் இருக்கிறது, அறுத்து எடுத்துவிட்டால் பை இல்லாமலே போகலாம் என்று எழுதிக் காட்டினார். ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஆபரேஷன். அழகு அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் துத்தி பறித்துக்கொண்டிருப்பேன்.

உன் கேள்வியையும் கேட்டேன். முதல் நாளே கேட்டுவிட்டேன், என்னுடையதற்கு முன்னால். அவர் யோசித்து நிதானமாக எழுதினார். நான் அதை என் வார்த்தையில் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. அந்தத் தாளையே கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் உன் பதில் இருக்கிறது. மறுபக்கம் மாஸ்க் பற்றி நான் எழுதியது இருக்கிறது. ஒரே தாளாகப் போய்விட்டது. கிழித்துப் பாதியை மட்டும் அனுப்பலாமா என்று நினைத்தேன். பிறகு, இருக்கட்டும், முழுசாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் போட்ட கையெழுத்துத் தப்பு. இருநூற்றுப் பத்துப் பேருக்காக என்று உனக்கு எழுதினேன். மேனேஜருக்கு முன்னால் நின்று முடியாது என்று சொல்லப் பயந்தேன், அதுதான் முதல் காரணம்.

கருத்தையா

(இணைத்த தாள். டாக்டரின் கையெழுத்தில்:)

வெல்லம் காரணம் இல்லை. சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக்குப் போனது நல்லதில்லை, ஆனால் உள்ளே நின்று வேலை பார்த்தவர் வாங்கிய அளவோடு பார்த்தால் அது மிகக் குறைவு. பிள்ளைக்கு நோய் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தகப்பனுக்குக் குடல் புற்று இருப்பதால், எப்படியும் அந்தப் பிள்ளை நாற்பது வயதில் இதே டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும். ரத்தம் தெரிந்தால் காத்திருக்காமல் உடனே. வேறு எந்த டாக்டரைப் பார்த்தாலும் தூசி விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆகவே பிள்ளையிடம் மறைக்காதீர்கள்.


ஒக்கூர்
6-8-2025

அண்ணனுக்கு,

நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். கோடு மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளைக் கிறிஸ்டியிடம் கொடுத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. யாரோ கேட்ட கேள்வி என்று நினைத்துப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சட்டைப் பை என்று மட்டும் சொன்னேன். 

தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "எனக்கு வெல்லமே புடிக்காதுப்பா. பாதி நாளு எறும்புக்குத்தேன் போட்டேன். நீங்க கைய விட்டுப் பாருன்னு சொல்லுவீகல்ல, அதுக்காகத்தேன் வாசல்ல நின்னேன்" என்றாள். உண்மையா, என் சமாதானத்துக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. கேட்கவில்லை. நாற்பது வயதில் டெஸ்ட் என்று நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டாள். யூஜினியாவிடமும் அவளே சொல்லிவிட்டாள். எல்லோரும் எனக்கு முன்னாலேயே அதைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். போன வாரம் மதுரையில் மருந்து ஏற்றும்போது அந்த நாலு மணி நேரமும் தூங்கினேன்.

அதுதான் கடைசி மருந்து. இனி வேண்டாம் என்று நானே சொன்னேன். டாக்டரம்மா கட்டாயப்படுத்தவில்லை. வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

தாளின் மறுபக்கத்தையும் படித்தேன். பதினோரு வருடத்துக்கு முன் நீங்கள் இதை எழுதியிருந்தால் சோணைமுத்து பிழைத்திருக்க மாட்டான், அவன் முந்தியே போய்விட்டான். நானும் பிழைத்திருக்க மாட்டேன், அதற்குள் தூசியெல்லாம் உள்ளே போயாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அந்த வரியைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.  சோணைமுத்து பொண்டாட்டி கோவிலூரில்தான் இருக்கிறாள். நீங்கள் தேறி வந்ததும் இந்தத் தாளை அவளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவள்தான் பார்க்க வேண்டும்.

கேட்டு வாசலில் நான் சொன்னது அன்றைக்குச் சரி. இன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள். அறுத்த பிறகு உங்களால் இரண்டு மாதம் பஸ் ஏற முடியாது. அவ்வளவு நாள் நான் காத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அழகு அக்காவையும் கூட்டி வாருங்கள். சிவகங்கை போகிற எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஒக்கூரில் நிற்கும். மாதா சிலை இருக்கிற கெபிக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு.

எனக்கு இப்போது குரல் எழும்புவதில்லை. உங்களுக்குக் காது கேட்காது. ஆகவே பேச வேண்டியதை எல்லாம் எழுதி முடித்தாயிற்று. வந்து சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உங்கள்
வளன்